முதல் ஃபிரேம்வொர்க் கற்பவர்களுக்கு: கடன் நோட்டிலிருந்து ஜாங்கோ வரை

"அண்ணா, ரியாக்ட் படிக்கட்டுமா, ஜாங்கோ படிக்கட்டுமா? லாராவெல் படிச்சா சீக்கிரம் வேலை கிடைக்கும்கிறாங்களே?" கல்லூரி முடித்து வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் திருப்பி ஒன்று கேட்பேன்: யாருக்காகச் செய்யப் போகிறீர்கள்? அந்த ஆளின் பெயரை உடனே சொல்ல முடிந்தவர்கள் எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். சொல்ல முடியாதவர்கள் ஒரு பயிற்சிக் காணொளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு அந்த ஆள் என் மாமா. ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஏறக்குறைய 300 குடும்பங்களின் கடன் கணக்கு, லாங் சைஸ் நோட்டில், அவர் கையெழுத்தில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போய்த்தான் ஜாங்கோ கற்றேன். பைதான் மொழியில் இணையச் செயலிகள் கட்டுவதற்கான ஃபிரேம்வொர்க் அது. அதற்கு முன் இரண்டு மூன்று ஃபிரேம்வொர்க்குகளைப் பாதிப் பாதி படித்திருந்தேன், எதுவும் கையில் நிற்கவில்லை. கடைக் கணக்கோடு கற்றது இன்றும் நிற்கிறது. அந்த வேலை நடந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். நீங்களும் ஒரு கடையோ, டியூஷன் சென்டரோ, சீட்டுக் கணக்கோ ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள்.

ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். சரியான எழுத்துக்கூட்டு ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சியில் இருக்கிறது. 'போல்ஸ்' என்ற சின்ன வாக்கெடுப்புச் செயலியை எட்டுப் பாகங்களில் கட்டிக் காட்டும் பயிற்சி அது. அதை ஒரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம்வொர்க் என்றால் என்ன

லைப்ரரிக்கும் ஃபிரேம்வொர்க்குக்கும் என்ன வித்தியாசம் என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். கல்யாணத்தை வைத்து யோசியுங்கள். லைப்ரரி என்பது வாடகைப் பாத்திரம். உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, எப்போது வேண்டுமோ அப்போது அண்டாவை எடுத்து நீங்களே சமைக்கலாம். ஃபிரேம்வொர்க் என்பது கல்யாண மண்டபம். மேடை, சமையல் கட்டு, பந்தி ஹால், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். சமையல்காரரையும் மாப்பிள்ளை பெண்ணையும் நீங்கள் கொண்டு வருகிறீர்கள். ஆனால் பந்தி எங்கே நடக்கும், வண்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் மண்டபம் வகுத்த வழிதான். லைப்ரரியை உங்கள் நிரல் கூப்பிடும். ஃபிரேம்வொர்க்கோ உங்கள் நிரலைக் கூப்பிடும். "நான் எழுதிய ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள்?" என்று குழம்பும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஜாங்கோ என்றால், அது பிறந்த இடம் எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகம், லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட். அங்கே 2003இல் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது. 2005 ஜூலையில் எல்லோருக்கும் வெளியிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயரை வைத்தார்கள். பத்திரிகையில் செய்தி போட வேண்டிய நேரம் தள்ளிப்போகாது. நிரல் தெரியாத நிருபர்களும் தாங்களே உள்ளே எழுத வேண்டும். அதனால்தான் ஜாங்கோவில் தயாரான நிர்வாகப் பக்கம் ஒன்று கூடவே வருகிறது. என் மாமாவும் அந்த நிருபர்களைப் போலத்தான்: நிரல் தெரியாது, வேலை இன்றைக்கே நடந்தாக வேண்டும்.

வேறு எதை எடுத்தாலும், அது எத்தனை நாளைக்குப் பராமரிக்கப்படும் என்று முதலில் பாருங்கள். ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க் ஒரு காலத்தில் பல நிறுவனங்களில் ஓடியது. 2016இல் வந்த ஆங்குலர் 2 முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது, பழைய நிரலை அப்படியே தூக்கிவைக்க முடியவில்லை. பழையதற்கான ஆதரவும் 2021 டிசம்பரோடு முடிந்தது. ஜாங்கோவில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கடைக்காரருக்குச் செய்து கொடுப்பதென்றால் அப்படிப்பட்ட பதிப்பையே எடுங்கள்.

கருவிகள் நான்கு போதும்

பைதான், நிரல் எழுத ஒரு எடிட்டர், கட்டளை தட்ட டெர்மினல், மாற்றங்களைச் சேமித்து வைக்கக் கிட். இதற்கு மேல் முதல் மாதத்தில் எதையும் நிறுவ வேண்டாம். எடிட்டரின் நிறத்தையும் நீட்சிகளையும் மாற்றிக்கொண்டு ஒரு வாரத்தைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விஎஸ் கோட் நிறுவி, பைதான் நீட்சி ஒன்றைப் போட்டால் முடிந்தது.

ஜாங்கோ 5.2க்குப் பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்' என்பதில் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். விட்டுவிட்டால் டெர்மினலில் பைதான் என்று தட்டும்போது அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும்.

அடுத்து, தனிச்சூழல். பைதானில் இதை வென்வ் என்போம். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அடுப்பு மாதிரி: ஒரு திட்டத்துக்கு ஜாங்கோ 4.2, இன்னொன்றுக்கு 5.2 என்றாலும் ஒன்றோடொன்று கலக்காது. சூழலை இயக்கியதும் டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அதன் பெயர் அடைப்புக்குறிக்குள் தெரியும். தினமும் வேலை தொடங்கும்போது அந்தப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். "ஜாங்கோ என்ற மாட்யூல் இல்லை" என்று பிழை வந்தால் பெரும்பாலும் சூழலை இயக்க மறந்திருப்பீர்கள். ஜாங்கோவை மறுபடி நிறுவ ஓடாதீர்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் இயக்க அனுமதி இல்லை என்று வந்தால், பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து அங்கே இயக்குங்கள், வேலை நடக்கும்.

முதல் வரி நிரலுக்கு முன்பே கிட்டைத் தொடங்குங்கள். கிட் எதையெல்லாம் சேமிக்கக் கூடாது என்று சொல்லும் புறக்கணிப்புக் கோப்பில் மூன்றைச் சேர்த்துவிடுங்கள்: தனிச்சூழல் கோப்புறை, டேட்டாபேஸ் கோப்பு, கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு. அப்புறம் ஒரு சின்ன விஷயம் ஓடியதும் ஒரு கமிட், அதாவது அதுவரை செய்ததை ஒரு செய்தியோடு சேமிப்பது. செய்தியில் "மாற்றங்கள்" என்று எழுதாமல், "பாக்கித் தொகை கூட்டும் இடத்தில் வரவைக் கழித்தேன்" என்று தமிழிலேயே எழுதலாம். கிட் தமிழை நன்றாகவே ஏற்றுக்கொள்ளும். மூன்று மாதம் கழித்துப் படிக்கப் போவது நீங்கள்தான்.

பால் கணக்கு ஒரு நாள் பின்னால் போனது

திட்டத்தைத் தொடங்கும் கட்டளையை ஓட்டினால் ஒரு கோப்புறை கிடைக்கும். அதற்குள் செயலி ஒன்றை உருவாக்குங்கள். உருவாக்கியதும் அமைப்புக் கோப்பைத் திறந்து, நிறுவிய செயலிகளின் பட்டியலில் அதன் பெயரைச் சேருங்கள். சேர்க்காவிட்டால் நீங்கள் எழுதும் பலவற்றை ஜாங்கோ பார்க்காது, பல நேரம் பிழையும் சொல்லாது.

அதே கோப்பில் நேர மண்டலம் என்று ஒரு வரி இருக்கும். இயல்பாக 'யுடிசி', அதாவது உலகப் பொது நேரம், என்று போட்டிருக்கும். நான் அதைத் தொடவில்லை. இரண்டாவது வாரம் மாமா போன் செய்தார். "ஏன் மாப்ள, காலையில கொடுத்த பால் எல்லாம் நேத்துக் கணக்குல விழுந்திருக்கு?"

எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பாலும் விழவில்லை. சில வீடுகள் மட்டும். மாமா கடை திறப்பது காலை 5 மணிக்கு. 5.30க்குப் பிறகு எழுதியது எல்லாம் சரியாக இருந்தது. 5 மணிக்கும் 5.30க்கும் இடையில் எழுதியது மட்டும் முந்தைய தேதியில் இருந்தது. நம் நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 5.10 என்பது யுடிசியில் முந்தைய இரவு 11.40. முதல் பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்கள் வாங்கிய பாலெல்லாம் நேற்றைய கணக்கில் ஏறியிருந்தது.

அந்த வரியை 'ஏசியா கொல்கத்தா' என்று மாற்றினேன். அதற்குப் பிறகும் ஒரு இடத்தில் தேதி தப்பாகவே வந்தது. ஜாங்கோவின் 'நவ்' ஃபங்ஷன் தருவது யுடிசி நேரம், அதிலிருந்து நேரடியாகத் தேதியை எடுத்தால் யுடிசி தேதிதான் வரும். 'லோக்கல்டேட்' என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது, உள்ளூர்த் தேதி வேண்டும் என்றால் அதைத்தான் கூப்பிட வேண்டும். காலைக் கடை, இரவு ஷிஃப்ட் ஆஸ்பத்திரி, முதல் பேருந்து டிக்கெட் என்று எதைச் செய்தாலும் இதை முதல் நாளிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாடல்: முதலில் காகிதத்தில்

இனித்தான் முக்கியமான இடம். கணினியை மூடிவிட்டு, உங்கள் ஆளின் நோட்டைத் திறந்து பாருங்கள். மாமாவின் நோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே பெயரும் தெருவும். கீழே தேதி, பொருள், தொகை. பணம் கட்டினால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம். டேட்டாபேஸில் எதைச் சேமிக்கிறோம் என்று சொல்லும் வரைவுதான் மாடல், அதில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம். ஆக இரண்டு மாடல்கள்: வாடிக்கையாளர், பதிவு. பதிவில் பற்றா வரவா என்று சொல்ல ஒரு புலம். பாக்கித் தொகையைத் தனிப் புலமாக வைக்காதீர்கள். அதைப் பதிவுகளிலிருந்து கூட்டிக் காட்டுங்கள். தனியாக வைத்தால் என்றைக்காவது ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாது, எதை நம்புவது என்று தெரியாது.

பணத்துக்கு டெசிமல் புலம்தான். பைதானைத் திறந்து 0.1 உடன் 0.2ஐக் கூட்டிப் பாருங்கள்: 0.30000000000000004 என்று வரும். ஃப்ளோட் என்ற சாதாரணத் தசம எண்கள் பைனரியில் சேமிக்கப்படுவதால் வரும் பிசகு அது. கடைக் கணக்கில் பத்துப் பைசா பிசகினாலும் கேள்வி வரும், வரவும் வேண்டும்.

பதிவை வாடிக்கையாளரோடு இணைக்கும் இடத்தில் ஜாங்கோ கட்டாயமாக ஒன்று கேட்கும்: வாடிக்கையாளரை அழித்தால் அவருடைய பதிவுகளை என்ன செய்வது? பயிற்சியில் 'கேஸ்கேட்' என்று போட்டிருந்தது, நானும் அதையே போட்டேன். கூடவே அழித்துவிடு என்று அர்த்தம்.

எட்டு மாதம் கழித்து, ஒரே அக்காவின் பெயர் இரண்டு முறை ஏறியிருப்பதை மாமா கவனித்தார். ஒன்று காலி, ஒன்றில் முழுக் கணக்கும். அவர் அழித்தது கணக்கு இருந்ததை. அழிக்கும் முன் ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம் என்னென்ன சேர்ந்து போகும் என்று முழுப் பட்டியலையும் காட்டித்தான் கேட்டது. ஆனால் அது ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது, கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள், அவர் சரி என்று அழுத்திவிட்டார். எட்டு மாதக் கணக்கு போனது. மாமா நோட்டிலும் எழுதிக்கொண்டு வந்ததால் இரண்டு இரவு உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கணக்கு, மருந்து, மதிப்பெண் சம்பந்தப்பட்ட எதிலும் 'ப்ரொடெக்ட்' போடுங்கள். பதிவுகள் இருக்கும் வரை வாடிக்கையாளரை அழிக்க ஜாங்கோ மறுத்துவிடும். யாராவது ஊரைவிட்டுப் போனால் அழிக்க வேண்டாம். 'இப்போது வருவதில்லை' என்று ஒரு குறி வைத்து மறைத்தால் போதும்.

மைக்ரேஷன்

மாடலை எழுதியதும் இரண்டு கட்டளைகள். 'மேக்மைக்ரேஷன்ஸ்' என்ன மாற்றம் தேவை என்று ஒரு கோப்பாக எழுதும். 'மைக்ரேட்' அதை டேட்டாபேஸில் நிறைவேற்றும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோப்பைத் திறந்து ஒருமுறை படியுங்கள். பத்து வரிதான் இருக்கும்.

படிக்கச் சொல்ல ஒரு காரணம் உண்டு. புலத்தின் பெயரை மாற்றினால், "இதைத்தான் அதுவாகப் பெயர் மாற்றினீர்களா?" என்று ஜாங்கோ கேட்கும். பக்கத்தில் சிறிய 'ஒய்', பெரிய 'என்' இருக்கும். எதையும் தட்டாமல் என்டர் அழுத்தினால் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். பழைய புலத்தை நீக்கிப் புதிய வெற்றுப் புலம் ஒன்றைச் சேர்க்கும்படி எழுதிவிடும், அதிலிருந்த தரவு அத்தனையும் போய்விடும். கோப்பில் 'ரிமூவ்ஃபீல்ட்' என்று பார்த்தால் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

மைக்ரேஷன் கோப்புகளைக் கிட்டில் சேருங்கள். குழப்பம் வந்தால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கு என்று யாராவது சொல்வார்கள். உண்மையான தரவு ஏறிய பிறகு அதைக் கேட்காதீர்கள்.

நிர்வாகப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

மாடல்களை நிர்வாகப் பக்கத்தில் பதிவு செய்து, எல்லா அனுமதியும் உள்ள சூப்பர் யூசர் ஒன்றை உருவாக்கி, சர்வரை ஓட்டி உள்ளே போங்கள். வாடிக்கையாளர் பட்டியலில் பெயருக்குப் பதில் 'கஸ்டமர் ஆப்ஜெக்ட் 1' என்று தெரியும். மாடலுக்குள் 'எஸ்டிஆர்' மெத்தடை எழுதிப் பெயரைத் திருப்பித் தரச் சொன்னால் சரியாகிவிடும். புலங்களுக்குத் தமிழ்ப் பெயர் கொடுங்கள். அமைப்பில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் ஜாங்கோவின் சொந்தச் சொற்களிலும் பல தமிழில் வரும், மொழிபெயர்க்கப்படாதவை ஆங்கிலத்திலேயே நிற்கும்.

இந்த நிலையிலேயே உங்கள் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அழகான முன்பக்கம் பிறகு வரலாம். நான் கொடுத்த மறுநாளே மாமா சொன்னது: "தெரு பேரை வச்சுத் தேட முடியல." நான் பெயரை வைத்துத் தேடும்படி செய்திருந்தேன். அந்தத் தெருக்களில் முருகன் என்று எத்தனையோ பேர். இதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பிழையைப் படிப்பது

பக்கத்தின் முகவரியான யுஆர்எல், அதற்குப் பதில் தரும் நிரலான வியூ, பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட் மூன்றையும் இங்கே விவரிக்கவில்லை, போல்ஸ் பயிற்சி அவற்றை நன்றாகவே சொல்லித் தருகிறது. அங்கே வரும் பிழைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பைதானின் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படியுங்கள். கடைசி வரி என்ன நடந்தது என்று சொல்லும். அங்கிருந்து மேலே போகும்போது உங்கள் கோப்புறையின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ, பெரும்பாலும் அந்த வரியில்தான் வேலை இருக்கும். நடுவில் வருவதெல்லாம் ஜாங்கோவின் உள் கோப்புகள், அவற்றைத் தாண்டிவிடலாம். டெம்ப்ளேட் இல்லை என்று வந்தால், எங்கெங்கே தேடினேன் என்று ஜாங்கோ பட்டியலே போடும், உங்கள் கோப்பு அந்த இடங்களில் ஒன்றில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். படிவத்தை அனுப்பியதும் 403 என்ற மறுப்பு வந்தால், அது உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் 'சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை' படிவத்துக்குள் வைக்கப் பெரும்பாலும் மறந்திருப்பீர்கள். அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடச் சொல்லும் யோசனைகளும் கண்ணில் படும். அணைக்காதீர்கள், ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

ஏஐ உதவியாளர்களிடம் கேட்பதில் தவறில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் பிழையை முதலில் நீங்கள் படித்து, என்ன என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பார்த்த பிறகு கேளுங்கள். அவை பழைய பதிப்பின் நிரலைத் தருவதும் உண்டு. 'கான்ஃப் யுஆர்எல்ஸ்' மாட்யூலிலிருந்து 'யுஆர்எல்' ஃபங்ஷனை எடுக்கச் சொன்னால், அது ஜாங்கோ 4.0இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆவணத்தில் உங்கள் பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள்.

தமிழ் எழுதும்போது மட்டும் வரும் தொல்லைகள்

பைதானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. பைதான் ஐந்து என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பெயர்ப் புலத்தின் அதிகபட்ச நீளமும் இப்படித்தான் எண்ணப்படும். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 30 என்று கொடுத்தால், தந்தை பெயரோடு எழுதும் ஒரு தமிழ்ப் பெயர் அதற்குள் அடங்காது. தாராளமாக 150 கொடுங்கள்.

பெயரிலிருந்து இணைய முகவரித் துண்டு செய்யும் 'ஸ்லக்கிஃபை' ஃபங்ஷன், சும்மா விட்டால் தமிழை முழுவதும் அழித்துவிடும். யூனிகோடை அனுமதி என்று சொன்னாலும், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுக்காது. 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிவிடும். நான் இப்போதெல்லாம் தமிழ்த் தரவுக்கு முகவரியில் வெறும் எண்ணை வைத்துவிடுகிறேன்.

மெதுவானால்

கடைசி 200 பதிவுகளைப் பெயரோடு காட்டும் பக்கம் ஒன்று எழுதினேன். மாமாவின் பழைய கணினியில் திறக்கத் திணறியது. ஜாங்கோ டீபக் டூல்பார் என்ற கருவியைப் போட்டுப் பார்த்தால், ஒரு பக்கத்துக்கு டேட்டாபேஸிடம் 201 வினவல்கள், அதாவது கேள்விகள். பதிவுகளை எடுக்க ஒன்று, ஒவ்வொரு பதிவின் பெயரையும் எடுக்க ஒவ்வொன்று. 'செலக்ட் ரிலேட்டட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் ஒன்றாகக் குறைந்தது. இந்தக் கருவியை முதல் வாரத்திலேயே நிறுவி, திரையின் ஓரத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

கொடுப்பதற்கு முன்

பிழை விவரங்களை எல்லாம் திரையில் காட்டும் டீபக் நிலையை அணையுங்கள், அனுமதித்த முகவரிகளை எழுதுங்கள், ரகசியச் சாவியை நிரலிலிருந்து வெளியே எடுங்கள். 'செக்' கட்டளையோடு 'டிப்ளாய்' என்று சேர்த்து ஓட்டினால் மீதி என்ன விட்டுப்போனது என்று ஜாங்கோவே சொல்லும். ஒரு கடைக்கு, ஒற்றைக் கோப்பாக இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸே போதும். பல பேர் ஒரே நேரத்தில் எழுதும் நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ்கூவெல் என்ற டேட்டாபேஸுக்கு மாறலாம்.

பிரதி எடுப்பது கடைசி வேலை. செயலி ஓடும்போது டேட்டாபேஸ் கோப்பை அப்படியே காப்பி செய்யாதீர்கள், பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். எஸ்க்யூலைட்டின் 'பேக்கப்' கட்டளையால் எடுத்து, ஒன்றைப் பென்டிரைவிலும் ஒன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை அந்தப் பிரதியை உங்கள் கணினியில் வேறு கோப்புறையில் திறந்து, ஏதாவது ஒரு குடும்பத்தின் பாக்கியைக் கடையில் இருக்கும் கணக்கோடு ஒப்பிடுங்கள். உங்கள் ஆளிடம் முதல் ஒரு வருடம் நோட்டிலும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மாமாவின் நோட்டு இன்னும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.